அட்டைப் பெண்ணின் அளவு

ஜனவரி 6

அன்புத் தங்கைக்கு,

இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் உன் மகளும் எப்படி இருக்கிறீர்கள்? வெளியூர் வேலையில் இருக்கும் மாப்பிள்ளை போன் செய்தாரா?

நீ அனுப்பிய போட்டோவும் நீல வெல்வெட் துண்டும் வந்து சேர்ந்தன. ஸ்கேட் கட்டிக்கொண்டு ஐஸ் மேல் ஒற்றைக் காலில் நிற்கிறவள் நம் குண்டுமணிதானா? என் மடியில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் எனக்குக் கால் மரத்துப்போகுமே, அந்தக் குண்டுமணியா பறக்கிறாள்? உடை அழகோ அழகு. கழுத்தில் வலை, தோளில் கல், இடுப்பிலிருந்து விசிறும் குட்டைப் பாவாடை. உன் கை வேலை என்று பார்த்ததுமே தெரிகிறது.

என் பிழைப்புதான் உனக்குத் தெரியுமே. காலையில் முத்திரைக் கடைக்குள் நுழைந்தால் 'பெறப்பட்டது', 'ரத்து செய்யப்பட்டது', 'உண்மை நகல்' என்று ரப்பரில் தலைகீழாகச் செதுக்கிக்கொண்டிருக்க வேண்டும். அலுத்துப்போய், மிச்ச ரப்பரில் உன் மகளைச் செதுக்கினேன். ஒரு கால் பின்னால் தூக்கி, இரண்டு கையும் விரித்து. இடுப்பு வளைவுக்கு வந்தபோது கத்தி வழுக்கி ஒரு கீற்று பெயர்ந்துவிட்டது. தூக்கிப் போட மனம் வரவில்லை. மறுபக்கத்தையும் அதற்குச் சமமாகச் சீவி, மை தொட்டு ஒரு வாழ்த்து அட்டையில் அடித்துப் பார்த்தேன். ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற இடுப்போடு ஒயிலாக வந்து நிற்கிறாள். கை தவறியும் நல்லது நடக்கும் போலிருக்கிறது.

மை ஈரமாக இருக்கும்போதே மினுக்குப் பொடி தூவி, சூடு காட்டினேன். கோடெல்லாம் உப்பி எழுந்தது. மேலே உன் வெல்வெட்டை உடையின் வடிவத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறேன். முதல் அட்டை அவளுக்கு. ஓரமெல்லாம் கண் திட்டத்தில் வெட்டியது, அது எனக்குத் திருப்தி இல்லை. அடுத்த உடை தைக்கும்போது, நீ துணி வெட்டுகிற பேப்பர் அளவையும் அனுப்பி வை. அதைச் சின்னதாக்கிக்கொண்டு சரியாக வெட்டுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குண்டுமணிக்கு ஒரு முத்தம்.

உன் அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். அவரும் நலம் என்று போனில் சொன்னார். உன் முழங்காலுக்கு நான் சொன்ன தைலத்தைத் தேய்க்கிறாயா, அல்லது அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

அட்டையைப் பிரித்ததும் அவள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, இது நானா?" என்று கேட்டாள். "வேற யாரு, பக்கத்து வீட்டுப் பாட்டியா?" என்றேன். கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள். மறுநாள் நீல உடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "கார்டுல இருக்கிற மாதிரி இல்லையே. சைடுல கொஞ்சம் பிடிச்சுத் தாங்கம்மா" என்றாள். பிடித்துத் தைத்தேன். ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்கும் கோச்சம்மாவும் உடம்பின் கோடு இப்போதுதான் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னாராம். அந்த வாயிலிருந்து பாராட்டு வருவது சாதாரண விஷயமா?

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. இனிமேல் கடிதத்தில் அவளைக் குண்டுமணி என்று எழுதாதே. பதினான்கு வயதாகிறது, கூச்சப்படுகிறாள்.

அடுத்த போட்டிக்குச் சிவப்பு உடை தைத்தாயிற்று. துணித் துண்டும் சமிக்கியும் பேப்பர் அளவும் இதோடு வைத்திருக்கிறேன். சீக்கிரம் அடித்து அனுப்பு. தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறாள்.

உன் தங்கை


பிப்ரவரி 11

அன்புத் தங்கைக்கு,

நலம். தைலத்தைத் தேய்க்கிறேன், தாயே. கடை முழுக்க மருந்து வாசனை என்று முதலாளி ஜன்னலைத் திறந்துவைக்கிறார்.

சரி, குண்டுமணி என்று கூப்பிடவில்லை. பெரிய மனுஷியாகிவிட்டாள், மரியாதை கொடுத்துத்தானே ஆக வேண்டும். சிவப்பு அட்டை இதோடு வருகிறது. உன் பேப்பர் அளவைச் சின்னதாக்கி வெட்டினேன். ஆனால் என் அச்சுப் பெண்ணின் இடுப்புக்கு அது பெரிதாக இருந்தது, இரண்டு ஓரமும் கோட்டைத் தாண்டி நின்றது. கத்தரித்துச் சரிபண்ணிவிட்டேன்.

இங்கே ஒரு கூத்து. முதலாளி நான் அடித்து ஒட்டிவைத்திருந்த இன்னொரு அட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். 'காலாவதியானது' என்று முத்திரை செய்ய வந்த ஒரு ஆள் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மனைவிக்குப் பிறந்தநாளாம். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா எதை முதலில் எடுத்தாளோ. இப்போது கேட்டுக்கொண்டு வருகிறார்கள். எல்லோரும் அந்த இடுப்பைத்தான் சொல்கிறார்கள்.

அவள் அவ்வளவு பயிற்சி செய்கிறாளே, என்ன சாப்பிடுகிறாள்? கையால் செய்த பலகாரம் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். நீ தின்று தீர்த்துவிடாதே, அவளுக்குக் கொடு.

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. போட்டிக் காலம், ஐஸ் ரிங்கில் ஆடும் பிள்ளைகளின் உடை எல்லாம் என் மெஷினுக்குத்தான் வருகிறது. பலகார டப்பா வந்தது. மிகவும் நன்றி. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள்.

சிவப்பு உடையில் மூன்றாவதாக வந்தாள். இப்போது வெள்ளை தைத்திருக்கிறேன். இந்த முறை ஒரு வேடிக்கை கேள். உன் அட்டையைச் சுவரிலிருந்து எடுத்து, ஸ்கேல் வைத்து உயரம் அளந்தாள், தோள் அளந்தாள், இடுப்பு அளந்தாள். பிறகு தன் உயரத்தை வைத்துப் பெருக்கி, வகுத்து, உடையின் இடுப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். கணக்கில் கெட்டிதான். "இவ்வளவு வராதுடி" என்றேன். "வரும்மா. நீங்க தைங்க, நான் வர்றேன்" என்றாள். அவள் சொன்ன அளவுக்கே தைத்தேன். வந்துவிட்டாள் அக்கா. கொக்கி மாட்டும்போது என் கை இடிக்கவே இல்லை.

கோச்சம்மாவுக்குச் சந்தோஷம். குதிக்கும்போது காற்றுப்போல் எழுகிறாள் என்கிறார். வெயில் ஆரம்பித்தும் வீட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே திரிகிறாள். ரிங்கின் குளிர் உடம்பில் தங்கிவிட்டது போலிருக்கிறது. சீப்பில் முடி நிறைய வருகிறது, இங்கே தண்ணீர் சரியில்லை. நீ என்ன எண்ணெய் தேய்க்கிறாய் என்று எழுது.

வெள்ளைத் துணியும் பேப்பரும் வைத்திருக்கிறேன்.

உன் தங்கை


மார்ச் 17

அன்புத் தங்கைக்கு,

நலமா என்று சும்மா சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. இந்தத் தடவை பதில் வேண்டும்.

வெள்ளை உடையின் பேப்பரை மேஜையில் விரித்தேன். கீழே சிவப்பு உடையின் பேப்பர் கிடந்தது. ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். சிவப்பு எல்லாப் பக்கமும் வெளியே தெரிகிறது. இடுப்பில் மட்டும் என்றால் உன் கத்தரியைச் சொல்லலாம். தோள், மார்பு, தொடை எல்லாவற்றிலும் தெரிகிறது. வளருகிற பிள்ளைக்கு அளவு கூடத்தானே வேண்டும்? ஜனவரிப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன், அதற்குப் பிறகு ஒரு போட்டோகூட நீ அனுப்பவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எண்ணெய் கேட்டாய். முடி கொட்டுவது தண்ணீரால் என்றால் உனக்கும் கொட்ட வேண்டும். உனக்குக் கொட்டுகிறதா?

அட்டையின் இடுப்பைப் பெருக்கி அளவு எடுத்தாள் என்று எழுதியிருக்கிறாய். அது கத்தி வழுக்கியதால் வந்த இடுப்பு என்று உனக்கு எழுதியிருந்தேனே. அவளிடம் சொன்னாயா?

பலகாரம் வீட்டுக்கு வந்தவர்கள் சாப்பிட்டார்கள், சரி. அவள் சாப்பிட்டாளா?

வெள்ளை அட்டையை அடிக்கவில்லை. உன் பதில் வரட்டும்.

அக்கா


ஏப்ரல் 15

தங்கைக்கு,

பதில் இல்லை. நேற்றுப் போன் செய்தேன். அவள்தான் எடுத்தாள். "அம்மா ரிங்குக்குப் போயிருக்காங்க பெரியம்மா" என்றாள். பின்னால் உன் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் குரல் இறகுபோல் இருந்தது. "வெள்ளை டிரஸ் கார்டு ஏன் இன்னும் வரல?" என்று இரண்டு முறை கேட்டாள். "சாப்பிட்டியாம்மா?" என்றேன். "ஓ, நிறைய" என்றாள்.

நிறைய சாப்பிட்ட பிள்ளைகள் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லும். நான் கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள். ஒரு வரி போதும். டாக்டரிடம் காட்டினேன் என்று மட்டும் எழுது.

அக்கா


மே 3

அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம்.

நீ அங்கே உட்கார்ந்துகொண்டு இரண்டு பேப்பரைப் பார்த்து என் பிள்ளைக்கு நோய் கண்டுபிடிக்கிறாய். தினமும் பார்க்கிற எனக்குக் கண் இல்லையா? பெற்றவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதா? ரிங்கில் உள்ள பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் இருக்கிறார்கள். போன வாரம் இரண்டாவது இடம் வாங்கியிருக்கிறாள், அதைப்பற்றி நீ கேட்கவில்லை. மூன்று வருஷமாக நான் விரலில் ஊசி குத்திக்கொண்டது இந்த இரண்டாவது இடத்துக்காகத்தான்.

வெள்ளை அட்டையை அனுப்பிவிடு அக்கா. அது வந்தால் சாப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். தட்டை முன்னால் வைத்தால், "பெரியம்மா கார்டு வரட்டும்" என்கிறாள். சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. நீ அனுப்பினால் அவள் சாப்பிடுவாள். உன்னிடம் வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

தங்கை


மே 9

அன்புத் தங்கைக்கு,

நீ என்னைத் திட்டியதை விடு. திட்டுவதற்கு எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

அட்டையை அனுப்பியிருக்கிறேன். அடிக்கக் கூடாது என்று ஒரு நாள் முழுக்க அச்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிடுவாள் என்று நீ எழுதிய பிறகு மனம் கேட்கவில்லை. வெள்ளைத் துணியை இந்தத் தடவை கத்தரிக்க வேண்டியிருக்கவில்லை. உன் பேப்பரைச் சின்னதாக்கியபோது என் அச்சின் கோட்டுக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ரப்பரில் வெட்டிய பெண்ணுக்குள் குடல் இல்லை, இரைப்பை இல்லை, எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகலாம். உன் மகளுக்கு அதெல்லாம் இருக்கிறதே.

அட்டை கிடைத்ததும் சாப்பிட்டாளா என்று எழுது. என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள், நீ பக்கத்தில் இருந்து பார்த்தாயா என்று எழுது. மாப்பிள்ளைக்குச் சொல். சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

உன் அக்கா


ஜூலை 2

அக்கா,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

பயிற்சியில் விழுந்தாள். ஐஸில் வழுக்கி விழவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தவள் நடுவில் நின்று, அப்படியே மடிந்து உட்கார்ந்து, சரிந்தாள். கோச்சம்மா பாட்டை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நான் செருப்போடு ஐஸில் ஓடி இரண்டு தடவை விழுந்தேன். அவளைத் தூக்கினேன். தூக்க முடியாது என்று நினைத்துத்தான் கையை வைத்தேன், துணி மூட்டையைப்போல் வந்துவிட்டாள்.

இங்கே நர்ஸ் உடையைக் கழற்றியதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் டேப்பைச் சுற்றி அளவெடுத்தது நான்தானே. முதுகெலும்பு டேப்பில் இடித்தது எனக்குத் தெரியும் அக்கா. உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே தெரியும். கோச்சம்மா பாராட்டினார், மேடையில் நின்றாள், நான் தைத்த உடையைப் பார்த்து எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் நான் இருந்துவிட்டேன்.

வெள்ளை அட்டை வந்த அன்று சாப்பிட்டாள். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள், இருந்தாலும் கேட்டது.

டாக்டர் இதயம் தளர்ந்திருக்கிறது என்கிறார். குழாய் வழியாகத்தான் உணவு போகிறது. "எப்ப சரியாகும் டாக்டர்?" என்று கேட்டேன். "சரியாகணும்னு அவ நினைக்கணும்" என்றார். இவள் அப்பா வேலையை விட்டுவிட்டு ஊரிலிருந்து வந்துவிட்டார். என்னோடு பேசுவதில்லை.

கத்தி வழுக்கியதை இப்போதுதான் அவளிடம் சொன்னேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அட்டையைப் பார்த்து அவள் முகம் மலர்ந்ததும், எதற்குக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். சொன்னதைக் கேட்டுவிட்டு, "அதனால என்னம்மா, நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

நீ அவளுக்கு எழுது. நான் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நீ சொன்னால் கேட்பாள்.

தங்கை


ஜூலை 10

என் செல்ல மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டேன், மாதக் கடைசியில் வந்து உன் கட்டில் பக்கத்தில் உட்காரப் போகிறேன். போ என்று சொன்னாலும் போகமாட்டேன், என்னைப்பற்றி உனக்குத் தெரியும்.

அந்த அச்சைப்பற்றிச் சொல்ல வேண்டும். அந்த இடுப்பு யாருடைய இடுப்பும் இல்லை கண்ணு. கத்தி கூராக இல்லை, நான் அவசரப்பட்டேன், ஒரு கீற்று போய்விட்டது. அதை மறைக்க மறுபக்கமும் சீவினேன். ஒரு முத்திரையில் எழுத்து பெயர்ந்தால் முதலாளி அதைக் குப்பையில் போடச் சொல்வார். நான் போடவில்லை, அதுதான் நான் செய்த தப்பு. நேற்று அந்த ரப்பரைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டேன்.

புதிதாக ஒன்று செதுக்கியிருக்கிறேன். ஜனவரியில் அம்மா அனுப்பினாளே நீல உடைப் போட்டோ, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதுக் கத்தி வாங்கி, அளவு பார்த்து, நான்கு நாள் செதுக்கினேன். இதுதான் நீ. தொடையில் பலம் இருக்கிறது, அது இல்லாமல் யாராலும் அப்படி எழும்ப முடியாது. வயிறு இருக்கிறது, கன்னம் இருக்கிறது. நீல வெல்வெட்டில் மிச்சம் இருந்ததை ஒட்டியிருக்கிறேன். என் வாழ்க்கையில் இதைவிட நன்றாக எதையும் நான் செதுக்கியதில்லை.

இவளைப் பார்த்துக்கொண்டே இரு. நர்ஸ் கொடுப்பதை மறுக்காதே. நீ எனக்கு வேண்டும். அவ்வளவுதான், அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

உன் பெரியம்மா


ஜூலை 19

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? பஸ்ஸில் இவ்வளவு தூரம் உட்கார்ந்து வந்தால் வீங்கிவிடாதா? உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால் வர வேண்டாம்.

கார்டு வந்தது. நீலம் அதே நீலம்தான். தோளில் கல்லை எப்படி அவ்வளவு வரிசையாக ஒட்டினீர்கள்? பக்கத்துக் கட்டில் அக்கா கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் டான்ஸ் ஆடுகிறவள். கத்தி வழுக்கிய கதையையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். நல்லவேளை வழுக்கியது என்று சொல்லிச் சிரித்தாள்.

ஒரு சின்ன விஷயம், நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. இந்தத் தடவை இடுப்பு பெரிதாக வந்துவிட்டது. புதுக் கத்தி என்பதால் கை பழகவில்லை என்று நினைக்கிறேன். மற்றபடி எல்லாம் அழகாக இருந்ததால் வீணாக்க மனம் வரவில்லை. இங்கே கத்திரிக்கோல் தரமாட்டார்கள். அதனால் நகத்தால் இரண்டு பக்கமும் கோடு கீறி, எச்சில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்து எடுத்தேன். தொடையையும் சரிபண்ணிவிட்டேன். வெல்வெட்தான் கிழியவே இல்லை, பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. ஓரம் பிசிறாக இருக்கிறது, இருந்தாலும் இப்போது என்னைப்போலவே இருக்கிறது. அம்மா பார்த்தால் அழுவார்கள் என்று தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன்.

பக்கத்துக் கட்டில் அக்காவுக்கும் ஒன்று வேண்டுமாம். பழைய அச்சை வெட்டிப் போட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, உங்களால் திரும்பவும் செதுக்க முடியும்.

நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். ஒரு ஆளுக்காக எதற்குச் சமைக்க வேண்டும் என்று இருந்துவிடாதீர்கள். உடம்பு முக்கியம் பெரியம்மா. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்